வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடப் போகிறீர்களா? வெள்ளிக்கிழமை மட்டும் ஆரம்பிக்காதீர்கள்

சோமனூர் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி ஓடுகிற ஒரு சின்ன குடோன் இருக்கிறது. தறிக்காரர்களின் கூலிக் கணக்கு, பில், பெண்ணின் பள்ளிக்கூட வேலை எல்லாம் ஒட்டுக்கா வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். 2014-இல் வாங்கியது, நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறையும். என் பெட்டியில் இரண்டுமே இல்லை. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது முப்பதாயிரம் கொடுத்துப் புதிது வாங்க மனசு வரவில்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

இன்ஸ்டால் ஆக இருபது நிமிஷம்தான். அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாடு மூன்று வாரம். அதை நீங்கள் படக்கூடாது என்றுதான் இது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் வேலை எதுவும் இதில் வராது, எனக்கும் அது ஒத்துவரவில்லை. எல்லாம் மவுசிலேயே முடியும்.

1. முதலில் நாள் பாருங்கள்

நான் ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை பொழுதோட. ராத்திரிக்குள் முடிந்துவிடும் என்று நினைப்பு. எங்கள் ஊரில் சனிக்கிழமை கூலி பட்டுவாடா. மறுநாள் மத்தியானம் தறிக்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது என் கம்ப்யூட்டர் காலியாக இருந்தது. கணக்கும் காலி. அது எப்படி என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் தேவைப்படுகிற நாள் எது என்று பாருங்கள், அதற்கு மறுநாள் ஆரம்பியுங்கள். எனக்கு அது ஞாயிறு. அன்றைக்குத் தறியும் ஓடாது, வோல்டேஜும் ஆடாது. ஜிஎஸ்டி தாக்கல் தேதி, பிள்ளைகளுக்கு ஆன்லைன் பரீட்சை என்று ஏதாவது அந்த வாரத்தில் இருந்தால் தள்ளிப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் துணைமின் நிலையத்தில் என்றைக்கு மின்தடை என்பது பேப்பரில் வரும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டிஸ்க்கைப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த டிஸ்க்கில் இருப்பது கந்தல்தான். யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள். லேப்டாப்காரர்கள் முழுசா சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் சொருகியே வைத்திருங்கள்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

நான் கூலிக் கணக்கை மறக்காமல் ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் லினக்ஸை ஏற்ற ஒரு பென்டிரைவ் வேண்டும் என்றதும், மேசையில் கிடந்த அதே பென்டிரைவை எடுத்துச் சொருகி அதிலேயே ஏற்றிவிட்டேன். ஏற்றும்போது பென்டிரைவில் இருப்பது மொத்தமும் அழிந்துவிடும், திரையில் எச்சரிக்கையும் வந்தது, படிக்காமல் சரி என்று தட்டினேன். அடுத்து இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க் மாறிப்போய் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் அழித்தேன். ஆக மூலமும் போச்சு, நகலும் போச்சு.

சனிக்கிழமை ஒரு தறிக்காரர் வாசலில் நின்று, "ஏனுங்ணா, இன்னைக்குக் கூலி உண்டுங்ளா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. யார் எத்தனை மீட்டர் துணி நெய்தார் என்ற கணக்கு குடோனில் நோட்டில் இருந்ததால் கூலியைப் போட்டுவிட்டேன். ஆனால் யார் யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது எக்செலில் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவரவர் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டேன். ஒரு பெரியவர் நான் நினைத்து வைத்திருந்ததைவிட 500 ரூபாய் கூடுதலாகவே சொன்னார்.

அதனால் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போங்கள்:

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோக்கள். டவுன்லோட்ஸை எல்லாரும் விட்டுவிடுவார்கள், பட்டா நகலும் ஆதார் பிடிஎஃப்பும் அங்கேதான் கிடக்கும்.

பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த கடிதங்கள் உங்களிடம் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துரு ஃபைல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கடிதங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை பாஸ்வேர்டு. இவற்றை நோட்டில் பேனாவால் எழுதுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி. லேப்டாப்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். புது லேப்டாப் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் கம்ப்யூட்டரின் சொந்த செட்டிங் திரை) ஒன்றை மாற்றிவிட்டு விண்டோஸைத் திறந்தால் நீலத்திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், இன்றைக்கே உள்ளே போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பையன் அவன் ஈமெயிலைப் போட்டு லேப்டாப்பைத் தயார் பண்ணிக் கொடுத்திருந்தால் சாவி அவன் கணக்கில் இருக்கும். அப்படி ஒன்றை எங்கள் மச்சான் வீட்டிலேயே பார்த்தேன்.

எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் காப்பி. அந்தப் பென்டிரைவில் ஒரு பேண்டேஜ் ஒட்டி "கணக்கு" என்று எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.

(அழிந்த டிஸ்க்கிலிருந்து எனக்குப் பாதி திரும்பக் கிடைத்தது. போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அது தோண்டி எடுத்துக் கொடுக்கும். ஆனால் ஃபைல் பெயர் எதுவும் மிஞ்சாது, எல்லாம் வெறும் எண்ணாக வரும். ஆயிரக்கணக்கில் வந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வீட்டுக்காரம்மாவும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்தோம்.)

3. வாங்க வேண்டியதும் ஆகும் செலவும்

லினக்ஸுக்குப் பணம் கிடையாது. ஆனால் கொஞ்சம் செலவு பண்ணினால் பாதித் தலைவலி போய்விடும். கோவை காந்திபுரத்தில் நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன், ரேமும் எஸ்எஸ்டியும் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான டிஸ்க்) மாதத்துக்கு ஒரு விலை விற்கும், ஆகவே போவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 1,750 ரூபாய். அதற்குச் சாட்டா வயர் 80, கேபினெட்டில் மாட்டும் தகடு 60. பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி, பயன்படுத்தியது, 700. பென்டிரைவ் 16 ஜிபி 380. மதர்போர்டு செல் 40. ஆக மொத்தம் 3,010.

எஸ்எஸ்டி மட்டும் கட்டாயம் என்பேன். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே கழற்றி வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் லினக்ஸ் போட்டால், எது சொதப்பினாலும் பழைய வயரைத் திரும்பச் சொருகினால் போதும், நேற்று இருந்த விண்டோஸ் அப்படியே எழுந்து நிற்கும். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்வதைவிட 1,750 ரூபாய் கொடுப்பது எவ்வளவோ மேல்.

மதர்போர்டு செல் என்பது சிஆர்2032, பொத்தான் மாதிரி வட்டமாக இருக்கும். பத்து வருஷப் பெட்டி என்றால் அது செத்திருக்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது, லினக்ஸ் அப்டேட்டும் ஓடாமல் ஏதோ பிழை என்று சொல்லும். நான் இரண்டு நாள் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் 40 ரூபாய் செல்.

பஸ் ஸ்டாண்டில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் 64 ஜிபி பென்டிரைவ் வேண்டாம். உள்ளே 4 ஜிபிதான் இருக்கும், வெளியே 64 என்று காட்டும்.

4. எந்த லினக்ஸ், எப்படி இறக்குவது

இதைப் பற்றிச் சண்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் லினக்ஸ் மின்ட் எடுங்கள். விண்டோஸ் மாதிரியே கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு, வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபியும் அதற்குக் கீழும் ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்று இருப்பதை எடுங்கள், 8 ஜிபி இருந்தால் சின்னமன்.

ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால், தினம் 1.5 அல்லது 2 ஜிபி திட்டத்தில் பாதியில் நின்றுவிடும், நின்ற ஃபைலை முழுசு என்று நினைத்து ஏற்றினால் நடுவில் ஏதாவது பிழை காட்டும். வீட்டில் வயர் இணைப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டாரன்ட்டாக இறக்குங்கள், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரும்.

இறக்கியதும் சரிபார்க்க வேண்டும். மின்ட்டின் சொந்தத் தளத்திலேயே ஷா256 என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், அதில் நீங்கள் இறக்கிய ஃபைலுக்குக் கைரேகை மாதிரி 64 எழுத்து நீளத்துக்கு ஒரு வரி. விண்டோஸில் 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் இறக்கிய ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து ஷா256 கணக்கிடச் சொல்லுங்கள். முதல் ஆறும் கடைசி ஆறும் ஒத்துப்போனால் எனக்குப் போதும், நீங்கள் பொறுமைசாலி என்றால் முழுசும் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, பலர் விடுவது இதைத்தான்.

5. பென்டிரைவில் ஏற்றுவது

இதற்கென்றே இருக்கும் மென்பொருள் பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ். எட்சரில் மூன்றே பொத்தான்: ஃபைல், பென்டிரைவ், ஏற்று. வெறுமனே ஃபைலை இழுத்துப் பென்டிரைவில் போட்டால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து எழாது. ஏற்றும் நேரத்தில் வேறு பென்டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எதுவும் சொருகியிருக்கக் கூடாது. முடிந்ததும் விண்டோஸ், இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்கலாம். பண்ணாதீர்கள், அதற்கு இந்த வடிவம் புரியவில்லை, அவ்வளவுதான்.

6. பயாஸ்

கம்ப்யூட்டரை அணைத்து, பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணின நொடியிலிருந்து கீபோர்டில் பூட் மெனுச் சாவியை (எதிலிருந்து எழுவது என்ற பட்டியலை வரவழைக்கும் பட்டன்) தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஜிகாபைட் என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி எஃப்9. எம்எஸ்ஐ எஃப்11. அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப், அசூஸ் மதர்போர்டில் எஃப்8. ஏசரில் எஃப்12-தான், ஆனால் முதலில் எஃப்2 வழியாக உள்ளே போய் அதை இயக்கி வைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் சின்னம் வந்துவிட்டால் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம், மறுபடி.

வரும் பட்டியலில் உங்கள் பென்டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றில் முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. யூஇஎஃப்ஐ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் இன்னொரு முறையிலும் உட்கார்ந்துவிட்டால் ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. மிகப் பழைய பெட்டியில் யூஇஎஃப்ஐயே இருக்காது, அதில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

செக்யூர் பூட்டை (அங்கீகாரம் பெற்ற சிஸ்டத்தை மட்டும் எழ விடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டுமா? மின்ட்டுக்கு வேண்டியதில்லை. அணைத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பழைய கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்படாதீர்கள். மறுபடி ஆரம்பித்து, முதலில் வரும் பட்டியலில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

7. இன்ஸ்டால் பண்ணாமல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்

பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுசாக ஓடும், டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது. டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் என்று ஒரு படம் கண்ணைப் பறிக்கும், அதைத் தொடாதீர்கள்.

வைஃபை தெரிகிறதா, ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறதா, லேப்டாப் என்றால் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா, கேமரா, புளூடூத், பிரிண்டர். ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் பெட்டியில் சொருகியிருந்த வைஃபை டாங்கிள் லினக்ஸில் செத்த பிணம் மாதிரி கிடந்தது. செல்போனை யூஎஸ்பி வயரில் சொருகி, போனில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினேன், உடனே இன்டர்நெட் வந்துவிட்டது. போனில் ஓடுவது வீட்டு வைஃபை என்றாலும் அது அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும், டேட்டா செலவாகாது. வேறு டாங்கிள் 450 ரூபாய்க்குப் பின்னால் வாங்கினேன். கடையில், "லினக்ஸில் ஓடுமுங்களா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஓடும் என்றுதான் சொல்வார்கள். மின்ட் ஏற்றிய பென்டிரைவையும் ஒரு லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

இன்னொரு பயன்: இந்த நிலையில் பழைய டிஸ்க்கும் உள்ளே தெரியும். விண்டோஸ் திறக்கவே மாட்டேன் என்கிற பெட்டியில்கூட, டிஸ்க் உயிரோடு இருந்து பிட்லாக்கர் பூட்டு இல்லாமல் இருந்தால், இப்படி ஃபைல்களை எடுத்துவிடலாம்.

8. பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் பண்ணுங்கள்

நான் தப்புப் பண்ணின இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். லினக்ஸில் சி, டி என்று டிரைவ் கிடையாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று டிஸ்க்குகளுக்குப் பெயர். புது எஸ்எஸ்டியை முதல் வயரில் மாட்டியதால் அதுதான் எஸ்டிஏ என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன். அந்த எழுத்து எந்த டிஸ்க்குக்கு வேண்டுமானாலும் போகும், ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் மாறலாம். பக்கத்திலேயே 1000 ஜிபி என்று அளவு போட்டிருந்தது. அதைப் பார்த்திருந்தால் போதும், நான் எழுத்தைப் பார்த்தேன்.

அதனால் பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டைத் திறந்து, பழைய டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால், லினக்ஸைப் புது டிஸ்க்கில் போடச் சொன்னாலும் பூட் ஆவதற்கான சின்னப் பகுதியைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் மின்ட்டின் நிறுவி (இன்ஸ்டால் பண்ணும் மென்பொருள்) எழுதிவிடுவதுண்டு. பிற்பாடு பழையதைக் கழற்றினால் புதியதும் எழாது. வயர் இல்லாத டிஸ்க்கில் யாரும் எழுத முடியாது.

இப்போது அந்த இன்ஸ்டால் படத்தைத் தட்டலாம். மொழி ஆங்கிலமே வையுங்கள், பிழைச் செய்தி எதுவும் வந்தால் அதை அப்படியே தேடிப் பார்க்க வசதி, தமிழுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டு ஆங்கிலம் யுஎஸ். மல்டிமீடியா கோடெக்ஸ் என்று ஒரு டிக் கேட்கும், போடுங்கள், பாட்டும் வீடியோவும் அதில்தான் வரும். அடுத்தது டிஸ்க்கை அழித்து மின்ட்டை நிறுவவா என்ற கேள்வி, இருப்பது ஒரே டிஸ்க் என்பதால் தைரியமாகச் சரி. ஊர் கேட்டால் கொல்கத்தா, நம் ஊர் நேரம் அதுதான். உங்கள் ஃபைல்கள் இருக்கப்போகும் ஹோம் ஃபோல்டரைப் பூட்டும் டிக் வேண்டாம், பாஸ்வேர்டு மறந்தால் அதோடு போச்சு. பாஸ்வேர்டை நோட்டில் எழுதுங்கள், இனி எதை இன்ஸ்டால் பண்ணினாலும் அதைக் கேட்கும்.

முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும். மின்ட் எழுந்ததும் ஒரு வாரம் பழைய டிஸ்க் இல்லாமலேயே ஓட்டுங்கள். பிறகு வேண்டுமானால் மாட்டி, பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்துவிடுங்கள். விண்டோஸ் வேண்டும்போது பூட் மெனுச் சாவியைத் தட்டி அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

9. ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால்

மச்சான் மகன் லேப்டாப்புக்கு இப்படித்தான் போட்டோம். ஒரே டிஸ்க், விண்டோஸும் வேண்டும்.

விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபியாவது காலி இடம் விடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், அது இருந்தால் விண்டோஸ் முழுசா அணையாமல் தூங்கத்தான் செய்யும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத முடியாது. பிட்லாக்கரை முன்கூட்டியே அணைத்துவிடுவது உத்தமம், டிஸ்க் பெரிதென்றால் பூட்டு அவிழவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லையா? இன்டெல் லேப்டாப் சிலவற்றில் டிஸ்க் ஆர்எஸ்டி என்ற முறையில் இருக்கும், பயாஸில் ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். சும்மா மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் போய் சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட், நேராக பயாஸுக்குள் போய் மாற்றம், விண்டோஸ் ஒரு தடவை சேஃப் மோடில் எழும், அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். இந்த வரிசை மாறக்கூடாது.

இரண்டும் உள்ள பெட்டியில் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். ரிப்பேர் ஒன்றுமில்லை. லினக்ஸ் கடிகாரச் சிப்பில் கிரீன்விச் நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு விண்டோஸ் தேதி செட்டிங்கில் போய் இப்போதே சரிபார் என்பதைத் தட்டினால் நேரம் சரியாகிவிடும்.

10. முதல் நாள் வேலை

முதலில் டைம்ஷிஃப்ட் என்பதைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் இந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும், உங்கள் ஃபைல்களை இல்லை.

அடுத்தது அப்டேட் மேனேஜர். முதல் தடவை பல நூறு எம்பி இறங்கும். அதிலேயே மிரர் (அப்டேட் இறங்கும் நகல் சர்வர்) என்ற இடத்தில் இந்தியாவில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேகம் கூடும். அப்புறம் டிரைவர் மேனேஜர்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, செக்யூர் பூட்டும் இயங்கினால் ஒரு பொறி இருக்கிறது. டிரைவர் போடும்போது ஒரு புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட் பண்ணினதும் நீலத்திரை ஒன்று சில நொடி மட்டும் நிற்கும். மச்சான் மகன் அது பிழை என்று நினைத்துக் கன்டினியூ தட்டிவிட்டான், டிரைவர் ஏறவே இல்லை. அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

11. தமிழ்

படிக்க ஒன்றும் செய்ய வேண்டாம். எழுதத்தான் சுற்று வழி. கீபோர்டு செட்டிங்கில் தமிழ்நெட்99 என்று இரண்டு மூன்று வரும், முதலில் நான் சேர்த்தது தமிழ் எண்கள் உள்ள வகை, கூலிச் சீட்டில் 1, 2, 3 அடித்தால் ௧, ௨, ௩ என்று வந்தது. தறிக்காரர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்னங்ணா, எவ்வளவுனே தெரியலீங்" என்றார்.

நல்ல வழி: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் போடுங்கள். இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் பண்ணி மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் வீணடித்தேன். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துப் பழகியவர்களுக்கு ஃபொனெடிக்கும் அங்கேயே இருக்கிறது.

பாமினி ஃபைல்களுக்கு, ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல்-ஹெச் தட்டினால் மறைந்திருப்பவை தெரியும். ஃபான்ட்ஸ் என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, எடுத்து வைத்த எழுத்துருக்களை அதில் போட்டால் லிப்ரே ஆஃபிஸில் (வேர்டு, எக்செலுக்குப் பதிலாக மின்ட்டில் இருப்பது) தெரியும்.

12. ஒத்துவராதவை

டேலி கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஏதேதோ வழியில் ஓட்டுகிறோம் என்பார்கள், கணக்கு விஷயத்தில் நான் அந்த விளையாட்டுக்கு வரவில்லை. எங்கள் ஆடிட்டர் டேலியில் போட்டுக்கொள்கிறார், நான் எக்செல் மாதிரிச் சீட்டில் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் திறக்கிறது, எனக்கு ஓடிபி வழியே போதும். உங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்றால் விண்டோஸ் டிஸ்க்கை வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. எக்செலில் மேக்ரோ எழுதியிருந்தால் லிப்ரே ஆஃபிஸில் பாதி ஓடும், பாதி ஓடாது.

பிரிண்டரில் எனக்கு இன்னும் முழு வெற்றி இல்லை. எங்கள் வீட்டு லேசர் பிரிண்டர் பத்து வருஷப் பழசு, அதன் டிரைவர் மூன்று தடவை போட்டும் ஒரு பக்கம் அடித்தால் அடுத்த பக்கம் தூங்கிவிடுகிறது. இப்போது பிடிஎஃப் ஆக்கிப் போனுக்கு அனுப்பி, முக்கு ஜெராக்ஸ் கடையில் பக்கம் 5 ரூபாய்க்கு எடுக்கிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிற வைஃபை பிரிண்டராகப் பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் அடிக்கும்.

கூலிச் சீட்டு இப்போது சனிக்கிழமை காலையில் பத்து மணிக்கே தயார். முன்பணத்தை மட்டும் நோட்டிலும் எழுதி, அவரவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.